மூடிக்குள் ஓர் அறை

மதிய உணவு நேரம். உணவங்காடி நிலையத்தில் இடம் கிடைப்பதே கடினமாக இருந்தது. ஒருவழியாக ஒரு மேசை கிடைத்ததும், உணவுக்கு முன் உட்கொள்ளவேண்டிய மாத்திரையைத் தேடிப் பாட்டி தம் துணிப்பைக்குள் கைவிட்டார். குடை வந்தது. மூக்குக்கண்ணாடிக் கூடு வந்தது. கைத்துண்டு, சில்லறைக் காசு, பழைய பற்றுச்சீட்டுகள் எல்லாம் வந்தன. மாத்திரை மட்டும் வரவில்லை. வாங்கிவந்த சோறு ஆறிக்கொண்டிருந்தது.

“பாட்டி, வீட்டிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டீர்களா?” என்று கேட்டாள் உடன் வந்திருந்த பேத்தி.

“இல்லை, கண்ணு. மாத்திரை பைக்குள்தான் இருக்கிறது. பைதான் பெரிதாக இருக்கிறது,” என்றார் பாட்டி.

அப்போது பேத்தியின் பார்வை மேசைமேல் இருந்த தண்ணீர்ப் போத்தலின் மீது விழுந்தது. பாட்டி எங்குச் சென்றாலும் அந்தப் போத்தலை மறப்பதே இல்லை. மாத்திரையை விழுங்கவும் அந்தத் தண்ணீர்தான் வேண்டும். போத்தலின் மூடி அகலமாக இருந்தது. அதன் மேற்புறம் எதற்கும் பயன்படாமல் தட்டையாகக் கிடந்தது. அங்கே ஒரு சிறிய அறை இருந்தால், பாட்டி பையைத் துழாவ வேண்டியதில்லையே!

உயர்நிலை மூன்றில் ‘வடிவமைப்பும் தொழில்நுட்பமும்’ பாடம் பயின்ற அம்மாணவிக்கு அந்த ஆண்டின் செய்முறைத் திட்டத்துக்கு இப்படித்தான் ஒரு தலைப்புக் கிடைத்தது. சிறு பொருள்களை வைத்துக்கொள்ள உதவும் அறையுடன் கூடிய போத்தல் மூடி. ஓரிரு வாரத்தில் முடிந்துவிடும் வேலை என்றே அவள் எண்ணினாள்.

மூடிக்கு இரண்டாவது வேலை

வடிவமைப்பில் இறங்குவதற்கு முன், அதே சிக்கலை மற்றவர்கள் எவ்வாறு கையாண்டார்கள் என்பதை அறிவது வழக்கம். எனவே, அவள் மூடிகளின் வரலாற்றைத் திரட்டத் தொடங்கினாள்.

1858ஆம் ஆண்டில் ஜான் லாண்டிஸ் மேசன் என்ற அமெரிக்கத் தகரக் கொல்லர், கழுத்தில் திருகுமரை கொண்ட கண்ணாடிச் சாடிக்குக் காப்புரிமை பெற்றார். காய்கனிகளை நெடுநாள் கெடாமல் வைத்திருக்க அது உதவியது. 1892ஆம் ஆண்டில் வில்லியம் பெயின்டர் என்பவர், ஓரத்தில் மடிப்புகள் கொண்ட உலோக மூடியை உருவாக்கினார். சோடா போத்தல்களின்மேல் இன்றும் காணப்படுவது அந்த மூடிதான். இவ்விரு மூடிகளுக்கும் வேலை ஒன்றே. உள்ளே இருப்பதை வெளியே விடக்கூடாது, வெளியே இருப்பதை உள்ளே விடக்கூடாது.

பின்னர் மூடிக்கு வேறு வேலைகளும் வந்து சேர்ந்தன. வெந்நீர்க் குடுவையின் மேல்மூடியைக் கழற்றித் திருப்பினால், அதுவே தேநீர் அருந்தும் கிண்ணமாகிவிடும். சில பானப் போத்தல்களின் மூடிக்குள் உயிர்ச்சத்துத் தூள் அடைக்கப்பட்டிருக்கும். சில உயிர்ச்சத்துகள் தண்ணீரில் நெடுநாள் கிடந்தால் வீரியம் குறைந்துவிடும். ஆகவே, குடிப்பதற்குச் சற்று முன்பு மூடியை அழுத்தினால் தூள் தண்ணீருக்குள் விழும்படி அதை அமைத்திருக்கிறார்கள்.

மூடி எங்கே போகிறது என்பதும் ஒரு வடிவமைப்புச் சிக்கலே. 1960களில் பானக் குவளைகளைத் திறக்க ஓர் உலோக வளையத்தை இழுத்துப் பிய்த்து எறியவேண்டியிருந்தது. கடற்கரையில் கிடந்த அவ்வளையங்கள் மக்களின் கால்களைக் கிழித்தன. 1975இல், திறந்த பிறகும் குவளையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும் திறப்பு அறிமுகமானது. அதே எண்ணத்தின் தொடர்ச்சியாக, 3 லிட்டர் வரையிலான நெகிழிப் பானப் போத்தல்களின் மூடிகள் போத்தலுடன் இணைந்தே இருக்கவேண்டும் என்ற விதி 2024ஆம் ஆண்டு ஜூலை 3ஆம் நாள் முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் நடப்புக்கு வந்துள்ளது.

இவற்றையெல்லாம் எழுதி முடித்தபோது, அம்மாணவி தன் குறிப்பேட்டில் ஒரு வரியை அடிக்கோடிட்டாள்: ‘மூடிக்குப் புதிய வேலை கொடுக்கலாம், ஆனால், பழைய வேலையை அது மறந்துவிடக்கூடாது.’

எது உள்ளே போகும்?

அறைக்குள் எவற்றை வைக்கலாம் என்று அவள் வகுப்புத் தோழர்களிடம் கேட்டாள். வீட்டுச் சாவி, ஈஸிலிங்க் அட்டை, நாணயங்கள், காதொலிக்கருவி, தலைமுடி வளையம், மாத்திரை, மிட்டாய் எனப் பட்டியல் நீண்டது. எல்லாவற்றுக்கும் இடம் கொடுக்கவேண்டும் என்ற ஆசை அவளுக்கு இருந்தது. ஆனால், அளவுகோலைக் கையில் எடுத்ததும் பட்டியல் தானாகவே சுருங்கியது.

பாட்டியின் போத்தல் மூடியின்மேல் பொருத்தக்கூடிய அறையின் உள்விட்டம் 46 மில்லிமீட்டர். ஆழத்தை 15 மில்லிமீட்டராக அவள் முடிவு செய்தாள். உருளையின் கன அளவைக் காணும் சூத்திரத்தின்படி கணக்கிட்டால், அது ஏறத்தாழ 25 கன சென்டிமீட்டர். அதாவது, ஐந்து தேக்கரண்டித் தண்ணீர் பிடிக்கும் இடம்.

ஈஸிலிங்க் அட்டை 85.6 மில்லிமீட்டர் நீளம், ஏறத்தாழ 54 மில்லிமீட்டர் அகலம் கொண்டது. எப்படித் திருப்பினாலும் அது அறைக்குள் நுழையாது. வீட்டுச் சாவியை அளந்தாள், 55 மில்லிமீட்டர். அதுவும் நுழையாது. சிங்கப்பூரின் ஒரு வெள்ளி நாணயத்தின் விட்டம் 24.65 மில்லிமீட்டர். இரு நாணயங்களைப் பக்கம் பக்கமாக வைக்க 49.3 மில்லிமீட்டர் தேவை. எனவே, அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகத்தான் அடுக்கவேண்டும். அப்படி அடுக்கினாலோ, நடக்கும்போது அவை அறைக்குள் குலுங்கி ஓசை எழுப்பும்.

அறையைப் பெரிதாக்கினால் என்ன? மூடி உயரமாகிவிடும், எடை கூடும், போத்தல் எளிதில் சாயும், பையில் அதற்கென உள்ள இடத்தில் நிற்காது. ஆகவே, அறையைப் பெரிதாக்குவது தீர்வன்று. உள்ளே வைப்பதைக் குறைப்பதே தீர்வு. பாட்டியின் மாத்திரைக்கு மட்டும் இடம் அளிப்பது என்ற முடிவுக்கு அவள் வந்தாள்.

திருகும் திருகும்

முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் முதல் மாதிரி உருவானது. போத்தல் மூடியின்மேல் ஓர் அறை. அந்த அறைக்குமேல் சிறிய திருகுமூடி. பார்ப்பதற்கு அழகாக இருந்தது. வகுப்பில் ஒரு தோழன் அறையைத் திறக்க முயன்றபோதுதான் குறை வெளிப்பட்டது. சிறிய மூடியை அவன் இடப்பக்கமாகத் திருகினான். அது அசையவில்லை, மாறாக, கீழே இருந்த பெரிய மூடி கழன்றுகொண்டது. தண்ணீர் மேசையெங்கும் கொட்டியது.

காரணம் எளியது. இரண்டு மூடிகளும் ஒரே திசையில் திறப்பவை. மேலே கொடுக்கும் விசை கீழேயும் செல்கிறது. எது சற்றுத் தளர்வாக இருக்கிறதோ, அதுவே முதலில் கழன்றுவிடும்.

அவள் மரையின் திசையை மாற்றினாள். இரண்டாவது மாதிரியில் சிறிய மூடியை வலப்பக்கமாகத் திருகினால்தான் திறக்கும். இப்போது அறையைத் திறக்கும்போது பெரிய மூடி மேலும் இறுகியது. சிக்கல் தீர்ந்தது என்று மகிழ்ந்தாள். ஆனால், மறுநாள் காலையில் அவளுடைய புத்தகப்பை நனைந்திருந்தது. திறக்கும்போது உதவிய அதே அமைப்பு, மூடும்போது எதிராக வேலை செய்திருந்தது. சிறிய மூடியை இடப்பக்கமாகத் திருகி அவள் மூடியபோது, பெரிய மூடி அவளை அறியாமலேயே தளர்ந்துவிட்டது.

ஒரு குறையைத் திருத்தும்போது, அது தீர்ந்துவிட்டதா, அல்லது வேறிடத்திற்குப் போய்விட்டதா என்று பார்க்கவேண்டும் என ஆசிரியர் சொல்லியிருந்தது அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. மூன்றாவது மாதிரியில் திருகையே அவள் கைவிட்டாள். அறையின் மூடி ஒரு பக்கம் கீலால் இணைக்கப்பட்டது. மறுபக்கம் விரலால் மேலே தூக்கினால் ‘டக்’கென்று திறக்கும், அழுத்தினால் மூடிக்கொள்ளும். கீல் இருந்ததால் மூடி தொலைந்துபோகவும் வழியில்லை.

ஆசிரியர் இன்னொன்றையும் சுட்டிக்காட்டினார். முப்பரிமாண அச்சில் உருவாகும் பொருள், மெல்லிய அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து உருவாவது. அவ்வடுக்குகளுக்கிடையே உள்ள நுண்ணிய பள்ளங்களில் அழுக்கும் கிருமிகளும் தங்கிவிடும். வகுப்பறை மாதிரியில் குடிநீர் படுவது நல்லதன்று. ஆகவே, தண்ணீரைத் தொடும் பகுதியாகக் கடையில் வாங்கிய பழைய மூடியையே வைத்துக்கொண்டு, அதன்மேல் அறையை மட்டும் தனியே பொருத்தினாள்.

தம்பியின் கையில்

மூன்றாவது மாதிரியை அவள் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். மாத்திரைகளுக்குப் பதிலாக உள்ளே சில கொண்டைக்கடலைகளைப் போட்டு, வரவேற்பறை மேசைமேல் வைத்துவிட்டு முகம் கழுவச் சென்றாள். திரும்பி வந்தபோது அவளுடைய நான்கு வயதுத் தம்பி தரையில் உட்கார்ந்திருந்தான். அறை திறந்திருந்தது. இரண்டு கடலைகள் அவன் கையில் இருந்தன. ஒன்று வாயில் இருந்தது.

அவள் அதை வெளியே எடுத்துவிட்டாள். தம்பிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால், அந்த இடத்தில் பாட்டியின் மாத்திரைகள் இருந்திருந்தால்? நீரிழிவு நோய்க்காகப் பெரியவர்கள் உட்கொள்ளும் சில மாத்திரைகள் இரத்தத்தில் உள்ள சர்க்கரையின் அளவைக் குறைப்பவை. அவற்றில் ஒன்றே ஒன்று ஒரு சிறு குழந்தையின் வயிற்றுக்குள் சென்றாலும், அதன் உயிருக்கே ஆபத்து ஏற்படலாம்.

அன்று இரவு அவள் மீண்டும் நூல்களைப் புரட்டினாள். இதே அச்சம் வேறொருவரையும் உறங்கவிடாமல் செய்திருந்தது. கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் உள்ள வின்ட்சர் நகரில் ஹென்ரி புரோ என்ற குழந்தைநல மருத்துவர் பணியாற்றினார். வீட்டில் கிடைத்த மாத்திரைகளை விழுங்கிய குழந்தைகள் அடிக்கடி அவரிடம் கொண்டுவரப்பட்டார்கள். சிகிச்சை அளிப்பது மட்டும் போதாது, குழந்தைகள் மருந்துப் போத்தலைத் திறக்க முடியாமல் செய்யவேண்டும் என்று அவர் முடிவெடுத்தார். அவருடைய முயற்சியால் 1967ஆம் ஆண்டில், உள்ளங்கையால் அழுத்தியபடியே திருகினால் மட்டும் திறக்கும் மூடி உருவானது. அது பயன்பாட்டுக்கு வந்தபின், அவ்வட்டாரத்தில் குழந்தைகள் மருந்தை விழுங்கும் சம்பவங்கள் ஏறத்தாழ 90 விழுக்காடு குறைந்தன.

அத்தகைய மூடிகளைச் சோதிக்கும் முறையும் அவளை வியக்கவைத்தது. அமெரிக்க விதிமுறைப்படி, 42 முதல் 51 மாத வயதுடைய குழந்தைகளிடம் மூடிய போத்தல்களைக் கொடுத்து ஐந்து நிமிடம் விடுவார்கள். பின்னர், சொற்களால் விளக்காமல் திறந்து மட்டும் காட்டி, மேலும் ஐந்து நிமிடம் கொடுப்பார்கள். அதன் பிறகும் குறைந்தது 80 விழுக்காட்டுக் குழந்தைகளால் திறக்க இயலாமல் இருக்கவேண்டும். சோதனை அத்துடன் முடிவதில்லை. 50 முதல் 70 வயது வரையிலான பெரியவர்களிடமும் அதே போத்தலைக் கொடுப்பார்கள். அவர்களில் 90 விழுக்காட்டினரால் அதைத் திறக்க இயலவேண்டும். குழந்தையைத் தடுக்கும் மூடி, முதியவரைத் தடுத்துவிடக்கூடாது.

அவளுடைய தம்பி ஒரு நிமிடத்துக்குள் அறையைத் திறந்துவிட்டான். அவனைத் தடுக்கும் அளவுக்கு இறுக்கமாக்கினால், மூட்டுவலி உள்ள பாட்டியின் விரல்களால் திறக்க முடியாது. அழுத்தித் திருகும் அமைப்பைச் சேர்த்தால், கைவிட்ட திருகுச் சிக்கல் மீண்டும் வந்துவிடும். வழி இரண்டு பக்கமும் அடைபட்டிருந்தது.

காத்திருக்க முடியாத பொருள்

அடுத்த வாரம் பாட்டியுடன் அவள் பலதுறை மருந்தகத்துக்குச் சென்றாள். மருந்து பெற்றுக்கொள்ளும் முகப்பில் இருந்த மருந்தாளரிடம் தன் மாதிரியைக் காட்டி, மாத்திரை வைக்கும் மூடி என்று விளக்கினாள். அவர் அதைத் திறந்து பார்த்தார். பாராட்டிவிட்டு, இரண்டு காரணங்களைச் சொல்லித் தலையசைத்து மறுத்தார்.

முதலாவது, அட்டையில் அடைக்கப்பட்டுள்ள மாத்திரைகளை முன்கூட்டியே பிரித்து எடுத்து வைக்கக்கூடாது. அந்த அட்டைதான் அவற்றை ஈரத்திலிருந்து காக்கிறது. சிங்கப்பூரில் காற்றின் ஈரப்பதம் ஆண்டுச் சராசரியில் 80 விழுக்காட்டுக்கும் அதிகம். போதாததற்கு, போத்தலில் சூடான பானத்தை ஊற்றினால் அறையும் சூடாகும். இரண்டாவது, மருந்து எப்போதும் பிள்ளைகளின் கைக்கு எட்டாத இடத்தில்தான் இருக்கவேண்டும். தண்ணீர்ப் போத்தலோ யார் கைக்கும் எட்டும் இடத்தில் இருப்பது.

பிறகு அவர் பாட்டியின் பக்கம் திரும்பினார். “அம்மா, எப்போதாவது கை நடுங்கி, வியர்த்து, தலைசுற்றியது உண்டா?”

பாட்டி சற்றுத் தயங்கினார். “ஒரு நாள் பூங்காவில் அப்படி வந்தது. கல்மேசையில் உட்கார்ந்துவிட்டேன். பையில் மிட்டாய் வைத்திருந்தேன். தேடி எடுக்க முடியவில்லை. அந்தப் பக்கம் வந்த ஒரு பிள்ளைதான் இனிப்புத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தது.”

பேத்திக்கு அது புதிய செய்தி. “ஏன் பாட்டி என்னிடம் சொல்லவில்லை?” என்று கேட்டாள்.

“சொன்னால் என்னைத் தனியாக நடக்க விடமாட்டீர்களே,” என்றார் பாட்டி.

மருந்தாளர் விளக்கினார். இரத்தத்தில் சர்க்கரையின் அளவு லிட்டருக்கு 4 மில்லிமோலுக்குக் கீழே இறங்கினால், அது தாழ்சர்க்கரை நிலை. நடுக்கம், வியர்வை, பசி, குழப்பம் ஆகியவை அதன் அறிகுறிகள். விழிப்புடன் இருப்பவர் உடனே 15 கிராம் அளவுக்கு விரைவில் கரையும் சர்க்கரையை உட்கொள்ளவேண்டும். மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கலாம். பதினைந்து நிமிடம் கழித்து மீண்டும் அளவைச் சோதிக்கவேண்டும். சாக்லேட் இதற்கு ஏற்றதன்று. அதில் உள்ள கொழுப்பு, சர்க்கரை உடலில் சேர்வதைத் தாமதப்படுத்தும். ஒருவர் மயங்கிக் கிடந்தால் அவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. உடனே 995 என்ற எண்ணை அழைக்கவேண்டும்.

வீடு திரும்பும் வழியில், பேருந்தில் அமர்ந்தபடியே அவள் குறிப்பேட்டைத் திறந்தாள். மாத்திரையைச் சில நிமிடம் கழித்து எடுத்தாலும் பாதகமில்லை. பையில் பளிச்சென்ற நிறத்தில் ஓர் உறையைத் தைத்துவிட்டால் அது எளிதில் கிடைத்துவிடும். சீனி அப்படியன்று. கை நடுங்கும்போது, தலை சுற்றும்போது, அக்கணமே அது கைக்கு வரவேண்டும். அதைக் கரைக்கத் தேவையான தண்ணீர் அதே போத்தலில் இருக்கிறது. தம்பியின் கையில் கிடைத்தாலும், சீனி மாத்திரையைப் போல உயிருக்கு உலை வைக்காது. ஆகவே, அறையை இறுக்கமாகப் பூட்டவும் தேவையில்லை. அடைபட்டிருந்த வழி திறந்துகொண்டது.

அவள் பழைய குறிக்கோளை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினாள்: ‘நடுங்கும் கையாலும் திறக்கக்கூடிய, மூன்று சீனிப் பொட்டலங்களைக் காய்ந்த நிலையில் வைத்திருக்கும் மூடி.’

எறும்பும் ஈரமும்

காப்பிக்கடையில் கிடைக்கும் 5 கிராம் சீனிப் பொட்டலங்கள் மூன்றை மடித்து அறைக்குள் வைத்தாள். 15 கிராம் சீனி ஏறத்தாழ 18 கன சென்டிமீட்டர் இடத்தை அடைக்கும். 25 கன சென்டிமீட்டர் அறையில் அது எளிதாக அடங்கும் என்பது கணக்கு. ஆனால், காகித மடிப்புகளும் இடம் பிடித்துக்கொள்ள, மூடி சரியாக மூடவில்லை. ஆழத்தை 18 மில்லிமீட்டராகக் கூட்டியதும் கன அளவு ஏறத்தாழ 30 ஆனது, மூடியும் பொருந்தியது.

மூன்றாம் நாள் காலையில் சமையலறை மேடையில் எறும்புகள் வரிசையாக ஊர்ந்தன. வரிசை போத்தல் மூடியில் போய் முடிந்தது. கண்ணுக்குத் தெரியாத இடைவெளி எறும்புக்குத் தெரிந்திருந்தது. எறும்பு நுழையும் வழியில் ஈரமும் நுழையும். பொட்டலங்களைத் தொட்டுப் பார்த்தாள், காகிதம் பிசுபிசுத்தது.

அறையின் விளிம்பில் ஒரு பள்ளம் அமைத்து, அதில் சிலிக்கோன் வளையத்தைப் பொருத்தினாள். பின்னர், அறைக்குள் உலர்ந்த மெல்லிழைத் தாள் ஒன்றை வைத்து மூடி, தண்ணீர் நிறைந்த பாத்திரத்தில் பத்து நிமிடம் தலைகீழாக அமிழ்த்தினாள். முதல் முறை தாளின் ஓரம் நனைந்திருந்தது. வளையத்தைச் சற்றுத் தடிமனாக மாற்றியபின் தாள் உலர்ந்தே வெளிவந்தது. கழுவுவதற்கு வசதியாக வளையத்தைத் தனியே கழற்ற முடிந்தது. அறையின் அடிமூலைகளையும் வளைவாக மாற்றினாள். கூர்மையான மூலைக்குள் விரலும் துணியும் நுழைவதில்லை. அழுக்கு மட்டும் நுழைந்துவிடுகிறது.

சிறு குழந்தைகளை எண்ணி ஒன்றையும் சரிபார்த்தாள். ஒரு பொருள் குழந்தையின் தொண்டையில் சிக்கக்கூடியதா என்று அறிய, 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளை ஒன்றைப் பயன்படுத்துவார்கள். அவ்வுருளைக்குள் முழுமையாக அடங்கும் பொருள்கள் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு ஏற்றவையல்ல. அவளுடைய அறைமூடியின் விட்டம் 50 மில்லிமீட்டர். தவறிக் கழன்றாலும் அது உருளைக்குள் அடங்காது.

பாட்டியின் கையில்

இறுதிச் சோதனைக்குத் தோழர்கள் உதவினர். தடித்த கையுறை அணிந்து, அதன்மேல் சவர்க்கார நீரைத் தடவிக்கொண்டு அறையைத் திறக்க முயன்றார்கள். மூத்தோரின் விரல்கள் எப்படிச் சிரமப்படுகின்றன என்பதை ஓரளவு உணர்ந்துகொள்ள இது ஒரு வழி. விரல்பிடி வழுக்கியது. அவள் அதை 15 மில்லிமீட்டர் அகலமாக்கி, மேற்பரப்பில் சிறு கோடுகளைச் சேர்த்தாள். கருநீல மூடியில் விரல்பிடியை மட்டும் மஞ்சள் நிறமாக்கினாள். பார்வை மங்கியவருக்கும் எங்கே தொடவேண்டும் என்பது தெரியவேண்டுமல்லவா?

கடைசியாக மூடி பாட்டியின் கைக்கு வந்தது. பேத்தி எதையும் விளக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பாட்டி மூடியை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். கட்டைவிரலை மஞ்சள் பிடியில் வைத்துத் தூக்கினார். ‘டக்’கென்று அறை திறந்தது.

“மூன்று சீனிப் பொட்டலம் மட்டும்தானா? இன்னும் ஏதாவது வைக்கலாமே,” என்றார் பாட்டி.

“வேண்டாம், பாட்டி. அப்புறம் இதுவும் உங்கள் பையைப் போல் ஆகிவிடும்,” என்றாள் பேத்தி.

பாட்டி சிரித்துவிட்டார். மறுநாள் காலையில் போத்தலை எடுத்துக்கொண்டு வழக்கம்போல் பூங்காவுக்குக் கிளம்பினார். வாசலில் காலணியை மாட்டியபோது, ஒருமுறை நின்று மூடியைத் திறந்து பார்த்துக்கொண்டார். பொட்டலங்கள் மூன்றும் இருந்தன. கதவு சாத்தப்படும் ஓசை கேட்டது. அவர் நடக்கப்போவதை யாரும் தடுக்கவில்லை.

திட்ட அறிக்கையின் முடிவுரையில் அம்மாணவி எழுதியது சில வரிகளே. எவ்வளவு பொருள்களை உள்ளே வைக்கலாம் என்ற கேள்வியுடன் பணியைத் தொடங்கியதாகவும், எந்தப் பொருள் காத்திருக்க முடியாதது என்ற கேள்விக்கு விடை கண்ட பிறகே மூடி உருவானதாகவும் அவள் குறிப்பிட்டிருந்தாள். அந்த விடை அளவுகோலிலிருந்தோ அச்சு இயந்திரத்திலிருந்தோ கிடைத்ததன்று. பயன்படுத்தப்போகிறவரிடம் கேட்டதால் கிடைத்தது.

சிந்தித்து விடையளி

1. அறையை மேலும் பெரிதாக்குவது ஏன் தீர்வாகாது? இரண்டு காரணங்களைக் குறிப்பிடுக.

2. மரையின் திசையை மாற்றியது ஒரு சிக்கலைத் தீர்த்து, மற்றொன்றை உருவாக்கியது. இதை உன் சொந்தச் சொற்களில் விளக்குக.

3. மருந்து மூடிகளைக் குழந்தைகளிடம் மட்டுமன்றி மூத்தோரிடமும் கொடுத்துச் சோதிப்பது ஏன்?

4. பூங்காவில் நேர்ந்ததைப் பாட்டி வீட்டில் சொல்லாததற்கு என்ன காரணம்? அவருடைய நிலையில் நீ இருந்தால் என்ன செய்திருப்பாய்?

5. உன் வீட்டில் உள்ள ஒருவருக்காகப் போத்தல் மூடியில் ஓர் அறை அமைப்பதாக வைத்துக்கொள். அவரிடம் நீ முதலில் கேட்கவேண்டிய மூன்று கேள்விகளை எழுதுக.